ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

அத்தியாயம் 14

பால் பொங்கி அடுப்பில் வழிந்த பிறகுதான் ராஜஸ்ரீ அதைப் பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டுத் துணியை எடுத்தாள். துடைக்கத் தோன்றவில்லை. துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

மூன்று நாளைக்கு முன் மகள் மீரா அழுதுகொண்டே சொன்னது பெரிய கதை ஒன்றும் அல்ல. ஒரே ஒரு வாக்கியம். ராஜையன் மாமாவைப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பார்த்தேன், அங்கே அவருக்கு என்ன வேலை என்று தெரியவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் தன் தோழி சுப்ரியாவிடம் அவள் சொன்னது அவ்வளவுதான். சுப்ரியா வாயில் அது 'போலீஸோடு பேசிக்கொண்டிருந்தார்' என்று ஆனது. அடுத்தவர் வாயில் 'அடிக்கடி போய் வருகிறார்' என்று ஆனது. பொன்முடிக்குப் போய்ச் சேர்ந்தபோது 'ராஜையன்தான் காட்டிக்கொடுத்தார்' என்று ஒரு வாய்ஸ் மெசேஜாகவே ஆகிவிட்டிருந்தது.

அதை நம்பும்படியாக ஒன்று நடந்திருந்தது. அதுதான் வினை. பொன்முடி மலையில் ஒரு எஸ்டேட்டின் லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மழையில் இடிந்து விழ ஆரம்பித்திருந்தன. வேறு வீடு கேட்டு எழுதிப் பார்த்துச் சலித்துப்போன பெண்கள், செக்ரட்டேரியட் வாசலில் வந்து உட்காருவது என்று முடிவு செய்தார்கள். தோட்டத் தமிழர்களுக்காகத் திருவனந்தபுரத்தில் ராஜஸ்ரீயும் ராஜையனும் சேர்ந்து நடத்திய கூட்டமைப்பு அவர்களுக்குத் துணை. தேதி வெளியே தெரியக்கூடாது என்று எல்லோரும் ஃபோனைக்கூட அணைத்து வைத்தார்கள். ஆனாலும் விடியும் முன்பே பெண்கள் ஏறி வந்த வேன்கள் மலையடிவாரத்தில் நிறுத்தப்பட்டன. கொட்டுகிற மழையில் சாயங்காலம் வரை அங்கேயே இருந்துவிட்டு அவர்கள் திரும்பிப் போனார்கள். கீழே இறங்கிய குற்றத்துக்காக எஸ்டேட் நிர்வாகம் ஒரு மாதம் அவர்களை வேலைக்கு எடுக்கவில்லை.

யார் சொன்னது என்ற கேள்வி எழுந்தது. அதற்குப் பதிலாக மீராவின் வாக்கியம் கிடைத்தது.

கூட்டமைப்பின் செயலாளர் என்ற முறையில் ராஜஸ்ரீ அன்று செய்தது ஒன்றுதான். "இப்போதைக்கு அவரை குரூப்பிலிருந்து எடுத்துடலாம். அப்புறம் பேசிக்கலாம்" என்றாள். அந்த அப்புறம் இன்று வரை வரவில்லை.

"ராஜி, இன்னைக்குப் போயே ஆகணுமா?"

ஹரிநாராயணன் அடுக்களை வாசலில் வந்து நின்றார். குளித்து முடித்துத் தலை ஈரமாக இருந்தது. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், காலையில் ஆபீஸுக்குக் கிளம்புகிறவர் போலவே அவர் தயாராகிவிடுவார்.

போயே ஆகவேண்டும் என்று அவள் சொன்னாள். அவர் அவள் கையிலிருந்த துணியை வாங்கி அடுப்பைத் துடைத்தார். பிறகு, அடங்கிப் போனதை எதற்குக் கிளற வேண்டும் என்று மெதுவாக ஆரம்பித்தார். ஊரில் யாரும் இப்போது அதைப் பேசுவதில்லை, ராஜையனும் ஒதுங்கி நிம்மதியாகத்தான் இருப்பார், குழந்தை வெறுதே, ஏதோ போகிற போக்கில், ஒரு வார்த்தை சொன்னதற்கு அவளைக் கொண்டுபோய் அவர் முன்னால் நிறுத்துவது என்ன நியாயம் என்றார்.

"குழந்தை இல்லை. இருபத்தஞ்சு வயசாச்சு. வரேன்னு அவளே சொல்லியாச்சு" என்றாள் ராஜஸ்ரீ.

முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அவளுடைய போராட்டங்களுக்கு அவர் குறுக்கே நின்றதில்லை; கூட வந்ததும் இல்லை. திரும்பி வரும்போது சாதம் வடித்து வைத்திருப்பார். அது போதும் என்று அவள் எப்போதோ எண்ணப் பழகிவிட்டாள்.

வீடு இருந்த ஸ்ரீவராகத்திலிருந்து கிழக்கேகோட்டை வரை தாயும் மகளும் நடந்தே போனார்கள். களியக்காவிளை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் நகரத்தைத் தாண்டும்போது பிச்சைக்கனி ஃபோனில் கூப்பிட்டாள். லயத்துப் பெண்களுக்கு அவள்தான் தலைவி. மீரா சொன்னதை ராஜஸ்ரீ அன்றே அவளிடம் சொல்லியிருந்தாள்.

ராஜையன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம் என்று ராஜஸ்ரீ தெரிவித்தாள். பிச்சைக்கனி சொன்னாள். "போய்ப் பேசுங்கக்கா. ஆனா அங்க பேசி அங்கயே முடிச்சிராதீங்க. எங்க லயத்துல வச்சுத்தானே அந்த மனுசனப் பேசினோம். எங்க லயத்துல வச்சே இல்லன்னும் சொல்லணும். நானும் பேசினவதான். நானும் நிக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மேலே வருகிறோம் என்று ராஜஸ்ரீ சொன்னாள். ஃபோனை வைக்கும் முன் பிச்சைக்கனி இன்னொன்றும் சொன்னாள். ராஜையன் இல்லை என்ற பேச்சு அடிபட ஆரம்பித்ததிலிருந்து, வேன் ஓட்டிய செல்வகணேஷ்தான் சொல்லியிருப்பான் என்று லயத்தில் சிலர் பேசுகிறார்களாம். நேற்று தண்ணீர்க் குழாயடியில் அவன் பெண்டாட்டியோடு யாரோ சண்டை போட்டிருக்கிறார்கள்.

ராஜஸ்ரீ ஃபோனை மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். இன்னொருவர். ஒருவர் தலையிலிருந்து பழியை இறக்கி வைப்பதற்குள் அது அடுத்தவர் தலையில் ஏறிவிடுகிறது.

ராஜையனை அவள் முதலில் பார்த்ததே ஒரு பஸ்ஸில்தான். அரசு பஸ்ஸில் கண்டக்டர். பொன்முடி ரூட்டில் பல வருடம் ஓடியவர். லயத்தில் எந்த வீட்டில் யாருக்கு என்ன நோவு என்பது வரை அவருக்குத் தெரியும். பிறகு நகரத்து ரூட்டுக்கு மாற்றினார்கள். பஸ்ஸில் தமிழ் வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த ராஜஸ்ரீயிடம் ஒரு நாள், "மலையில நம்ம சனங்களுக்கு மலையாளத்துல ஒரு மனு எழுதணும். எழுதித் தருவியளா?" என்று கேட்டார். பாறசாலைக்காரர் பேசுகிற தமிழ் அவளுக்கு அன்று பாதிதான் புரிந்தது. மனுவை எழுதிக் கொடுத்தாள். கூட்டமைப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

பாறசாலையில் இறங்கிச் சர்ச் வழியாக உள்ளே போகவேண்டும். ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஓட்டு வீடு. ராஜையன் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். அவர்களைக் கண்டதும் எழுந்தார்; ஆனால் முன்னால் வரவில்லை.

"வாருங்க" என்றார். அவ்வளவுதான். மீராவைப் பார்த்தால் எப்போதும் "எனக்க மக்கா" என்பவர், இன்று நாற்காலியை மட்டும் காட்டினார்.

அவர் மனைவி ரத்னாபாய் உள்ளிருந்து வந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனாள்.

பஸ்ஸில் வரும்போது எப்படிச் சொல்வது என்று மீரா ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வந்தாள். உட்கார்ந்ததும் அதெல்லாம் மறந்துபோயிற்று. சுற்றி வளைக்காமல் சொன்னாள். தான் பார்த்ததையும், சுப்ரியாவிடம் சொன்னதையும், அது எப்படி மாறி மாறிப் போயிற்று என்பதையும் சொன்னாள். வாய்ஸ் மெசேஜ் தன் ஃபோனுக்கும் வந்தது, இது நான் சொன்னதில்லை என்று அப்போதே எழுதியிருக்கவேண்டும், எழுதவில்லை என்றாள். "எழுதினா, முதல்ல சொன்னது நான்னு தெரிஞ்சுடும்னு பயந்துட்டேன் மாமா" என்றபோது அழுகை வந்துவிட்டது.

ராஜையன் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.

"நீ கண்டதச் சொன்ன. நான் அங்க நின்னது உள்ளதுதான. ஒனக்க மேல எனக்குக் கோவமில்ல" என்றார். குரலில் அன்பும் இல்லை, கோபமும் இல்லை. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்தவன் வீட்டுக்கு வந்து பேசுகிற குரல் அது.

பிறகு ராஜஸ்ரீ பக்கம் திரும்பினார்.

"அவளுக்கு என்ன வயசு. அவ பேசிட்டா. நிங்களுக்கு எத்தன வருசமா எனக்க நம்பர் தெரியும்? ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

அவளிடம் பதில் இருந்தது. கூட்டம் கொதித்துப்போயிருந்தது, மழையில் நனைந்த பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள், யாரையாவது ஒதுக்கி வைக்காவிட்டால் கூட்டமைப்பே உடைந்துவிடும் போலிருந்தது. எல்லாம் உண்மை. மூன்று மாதமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட உண்மைகள். அவர் முகத்துக்கு நேராக அவற்றில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"கேட்கலை அண்ணா. கேட்டிருக்கணும். தப்பு என்னோடது" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். ஏற்றுக்கொண்டதாகவும் எடுத்துக்கொள்ளலாம், கேட்டுக்கொண்டதாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

குரூப்பிலிருந்து எடுத்த மறுவாரம் தான் மலைக்குப் போனதை அவர் சொன்னார். தெரிந்த வாசல்கள்தாம். குழந்தைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டு கதவைச் சாத்தினார்களாம். எந்த வீட்டிலும் ஒரு சாயா கொடுக்கவில்லை. அடுத்த பஸ் வரச் சாயங்காலம் ஆகும். அதுவரை வளைவுத் திருப்பத்தில் கல்லில் உட்கார்ந்திருந்தாராம். "அந்த ரூட்டுல எனக்குத் தெரியாத வளைவு இல்ல. அண்ணைக்குத்தான் அங்க உக்காந்து பாத்தேன்" என்றார்.

ரத்னாபாய் சாயா கொண்டுவந்து வைத்தாள். "எங்க வீட்டுல வந்தவங்களுக்குக் குடிக்கக் குடுக்காம விடமாட்டம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னது யாருக்கு என்று எல்லோருக்கும் தெரிந்தது. மீரா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

இனி என்ன செய்தால் சரியாகும் என்று ராஜஸ்ரீ கேட்டாள். கூட்டமைப்புக்குத் திரும்பி வருகிற எண்ணம் தனக்கு இல்லை என்று ராஜையன் சொல்லிவிட்டார். அதற்கு இனித் தெம்பில்லை. மாலை போடுவதும் மேடையில் வைத்துப் பாராட்டுவதும் வேண்டவே வேண்டாம். "எனக்கு மலைக்குப் போவணும். போனா நாலு வீட்டுல ஏறி இறங்கணும். அது போரும்."

ஞாயிற்றுக்கிழமை லயத்தில் வைத்து எல்லோர் முன்னாலும் சொல்கிறோம், நீங்களும் வரவேண்டும் என்று ராஜஸ்ரீ கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

எழுந்திருக்கும் முன் அவள் மனதில் கிடந்த ஒன்றைக் கேட்டுவிட்டாள். "அண்ணா, நான்தான் கேட்கலை. நீங்களாவது சொல்லியிருக்கலாமே, அன்னைக்கு ஸ்டேஷனுக்கு எதுக்குப் போனேள்னு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எல்லார் வாயும் அடைஞ்சிருக்குமே."

ராஜையன் மீராவை ஒரு தடவை பார்த்துவிட்டு ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பாத்திரம் ஒன்று ஓசையோடு வைக்கப்பட்டது.

கிளாஸ்களை எடுத்துக்கொண்டு ராஜஸ்ரீ பின்பக்கம் போனாள். இந்த வீட்டில் அவள் எப்போதும் செய்கிற காரியம்தான். கிணற்றடியில் ரத்னாபாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். கிளாஸ்களை வாங்கிக் கீழே வைத்தாள்.

"சொல்லமாட்டேன்னு அவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "மூணு மாசமா வாயக் கட்டிட்டு இருக்கேன். சர்ச்சுல நாலு பேரு கேக்கும்போதும் கட்டிட்டு இருந்தேன். இப்ப நிங்க வந்து, ஏன் சொல்லலன்னு அவருட்டயே கேக்குதிய. இது எனக்குப் பொறுக்கல பிள்ள."

ராஜஸ்ரீ அவளைப் பார்த்தபடி நின்றாள்.

ரத்னாபாய் சொன்னாள். அன்று ராஜையன் தானாக ஸ்டேஷனுக்குப் போகவில்லை, கூப்பிட்டு அனுப்பினார்கள். போலீஸுக்குத் தேதியும் தெரிந்திருந்தது, வேன் புறப்படுகிற நேரமும் தெரிந்திருந்தது. தனக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் சாதித்தபோது, பஸ்ஸில் பழக்கமான ஒரு போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே, ஸ்ரீவராகத்து அம்மாவின் வீட்டுக்காரரே சொல்லியாயிற்று, நீ எதற்கு மறைக்கிறாய் என்று கேட்டுவிட்டார்.

"வெளிய வந்ததும் நிங்களுக்குத்தான் முதல்ல விளிச்சாரு. ஃபோன் ஆஃப். அதுக்குப் பெறவு, அந்தப் போலீசுகாரன் சொன்னத நம்பாம, நிங்களுக்க வீட்டுக்காரருக்கு விளிச்சாரு. போலீசுக்குத் தெரிஞ்சு போச்சு, வேனு பொறப்படக்கூடாது, ராஜஸ்ரீட்ட உடனே சொல்லுங்கன்னு சொன்னாரு. சரி சொல்லுதேன்னு சொல்லி வச்சாரு அந்த மனுசன்."

கிணற்றடியில் ஒரு கோழி மண்ணைச் சீய்த்துக்கொண்டிருந்தது. ராஜஸ்ரீ துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"மறுநாளு இதெல்லாம் சொன்னா நிங்களுக்க வீடு நிக்குமா? அவ கேட்டா சொல்லுவேன், கேக்காம நானாப் போயி ஒரு குடும்பத்தக் கலைக்கமாட்டேன்னு சொன்னாரு. நிங்க கேக்கவே இல்ல."

ரத்னாபாய் பக்கத்தில் வந்து நின்றாள். தொடவில்லை. தண்ணி வேணுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று ராஜஸ்ரீ தலையாட்டினாள்.

முன்பக்கம் வந்தபோது ராஜையன் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. தோள் துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார். மீராவின் எதிரில் ஒன்றும் சொல்லவில்லை. வாசல் வரை வந்து, "பஸ்சு உடனே வரும். பாத்துப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. மீராவுக்குப் பாரம் இறங்கியிருந்தது. ராஜையன் மாமா தன்மேல் கோபம் இல்லை என்று சொன்னதை இரண்டு தடவை சொன்னாள். லயத்தில் எல்லோர் முன்னாலும் தானே முதலில் எழுந்து சொல்லிவிடப் போவதாகச் சொன்னாள். பேசிக்கொண்டே இருந்தவள் நெய்யாற்றின்கரை தாண்டுவதற்குள் அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

அது உடைந்து ஒட்டிய தோள். போன வருடம் ஒரு ஊர்வலத்தில் தள்ளுமுள்ளு வந்து விழுந்ததில் தோள்பட்டை எலும்பு முறிந்தது. இன்னும் வலிக்கும். ராஜஸ்ரீ அசையாமல் இருந்தாள். அப்போது ஆஸ்பத்திரியில் ஹரிநாராயணன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. அவருடைய பயம் அவளுக்குத் தெரியாததல்ல. அந்தப் பயம் வீட்டை விட்டு இறங்கி நடந்து இவ்வளவு தூரம் போகும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை. அவரிடம் தேதியைச் சொன்னவளும் அவள்தானே. ஃபோனை அணைத்து வைத்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சொன்னாள். வீட்டுக்குள் சொல்வதை யாராவது வெளியே சொன்னதாகக் கணக்கில் வைப்பார்களா?

கிழக்கேகோட்டையில் இறங்கினார்கள். சுப்ரியாவும் மற்றவர்களும் வழக்கமாகக் கூடும் வாசகசாலையில் காத்திருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைக்கு எல்லாம் பேசி வைத்துவிட்டு வருகிறேன் என்று மீரா கிளம்பினாள். "அம்மா, நீ போய்ப் படுத்துக்கோ. மூஞ்சியே சரியில்லை" என்றாள். ராஜஸ்ரீ சரி என்றாள்.

கோயில் பக்கத்துத் தெருக்களில் சாயங்காலக் கூட்டம். பூக்கடைக்காரி கூப்பிட்டுப் பார்த்தாள். ராஜஸ்ரீ நின்று பதில் சொல்லாமல் போவது இதுவே முதல் தடவை.

ஹரிநாராயணன் கூடத்தில் உட்கார்ந்து பயறு உரித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து காப்பி போடப் போனார். வேண்டாம், உட்காருங்கள் என்றாள். அவள் செருப்பைக் கழற்றின விதத்திலேயே அவருக்கு ஏதோ தெரிந்திருக்கவேண்டும். உட்கார்ந்தார்.

"அன்னைக்குச் சாயங்காலம் ராஜையன் அண்ணன் உங்களுக்கு ஃபோன் பண்ணினாரா?"

அவர் கையில் ஒரு பயற்றங்காய் இருந்தது. அதைப் பிரிக்கவில்லை. முறத்திலும் போடவில்லை.

இல்லை என்று சொல்லியிருந்தால் அவளுக்குக் கோபம் வந்திருக்கும். கோபம் வந்தால் பேசுவது சுலபம். அவர் பொய் சொல்லவில்லை.

"பண்ணினார்" என்றார்.

பிறகு எல்லாவற்றையும் அவராகவே சொன்னார். கூட வேலை பார்த்த ஒருவரின் மைத்துனர் போலீஸில் பெரிய பதவியில் இருக்கிறார். அவரைப் போய்ப் பார்த்தார். மலையிலேயே நிறுத்திவிட்டால் நகரத்தில் ஊர்வலம் இருக்காது, தள்ளுமுள்ளு இருக்காது, யாருக்கும் அடி படாது என்று எண்ணினார். அந்தப் பெண்களை மழையில் நிறுத்துவார்கள் என்று தெரியாது. எஸ்டேட்காரர்கள் வேலையை நிறுத்துவார்கள் என்றும் தெரியாது. ராஜையன் கூப்பிட்டபோது, அவளிடம் சொன்னால் வேறு வழி கண்டுபிடித்து எப்படியாவது கிளம்பிவிடுவாள் என்று பேசாமல் இருந்துவிட்டார்.

"டாக்டர் சொன்னதை நீ கேட்கலை, நான் கேட்டேன். இன்னொரு தடவை விழுந்தா அந்தத் தோள் சேராதுன்னார். நான் என்ன பண்ணியிருக்கணும்கறே?"

"என்கிட்ட சொல்லியிருக்கணும். போகாதேன்னு சொல்லியிருக்கணும். கதவைப் பூட்டியிருந்தாலும் சண்டை போட்டிருப்பேன். அது நம்ம ரெண்டு பேருக்குள்ள."

"சொன்னா நீ நிப்பியா?"

அவள் நின்றிருக்க மாட்டாள்.

"சரி, அதுவரைக்கும் பயம்" என்றாள். "அதுக்கப்புறம் இந்த மூணு மாசம்? இதே கூடத்துல உக்காந்து நான் அந்த மனுஷனைத் துரோகின்னு பேசினேன். நீங்க காப்பி கொண்டுவந்து கொடுத்தேள்."

அவர் பலமுறை சொல்ல வாயெடுத்ததாகச் சொன்னார். நாள் போகப்போக அது பெரிதாகிக்கொண்டே போயிற்று என்றார். அவர் கண் கலங்கியது. அவளுக்குக் கலங்கவில்லை. உடம்பெல்லாம் வலித்தது. எங்கேயாவது போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

பிறகு அவர், ஒரு வழி இருக்கிறது என்கிற மாதிரி சொன்னார். "ராஜி, இப்போ அவர் இல்லைன்னு தெளிஞ்சாச்சோல்லியோ. அதை எல்லார் முன்னாலயும் நீங்கள்ளாம் சொல்லுங்கோ. மன்னிப்புக் கேளுங்கோ. யாருங்கறது எதுக்கு? அது மதி."

மதி, போதும். அந்தச் சொல்லில் எவ்வளவு சுகம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போய் ராஜையன் இல்லை என்று சொல்லலாம். மீரா அழுவாள், பிச்சைக்கனி அவர் கையில் சாயா கொடுப்பாள், எல்லோரும் நிம்மதியாக இறங்கி வரலாம். ராஜையன் வாயைத் திறக்கமாட்டார். ரத்னாபாயும் இனித் திறக்கமாட்டாள். இந்த வீடு இப்படியே இருக்கும். ராஜஸ்ரீ அதை உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

"மதியாகாது" என்றாள். "அவர் இல்லைன்னா பின்னே யாருன்னு கேக்கறா. இப்பவே கேட்டாச்சு. வேன் ஓட்டின செல்வகணேஷாம். அவன் பெண்டாட்டியோட குழாயடியில சண்டை நடந்தாச்சு. நாளைக்கு அவனுக்கும் கதவைச் சாத்துவா. அவன் எங்கே போவான்? அவனுக்கு வீடே அங்கதான்."

ஹரிநாராயணன் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"அந்தப் பொம்மனாட்டிகள் முன்னால என்னால நிக்க முடியுமா?" என்று கேட்டார். அவளிடம் கேட்டது போல இல்லை.

"எனக்குத் தெரியலை. நீங்க நின்னா நான் பக்கத்துல நிக்க முடியுமான்னும் தெரியலை" என்றாள் ராஜஸ்ரீ. அவள் அறிந்தவரை அன்று அவள் சொன்னதில் அதுதான் முழு உண்மை. "ஆனா நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன். அதுல எனக்குச் சம்சயமில்லை."

"மீராகிட்ட?"

"அதை நான் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

அவர் பயறு முறத்தைத் தரையில் நகர்த்தி வைத்தார். கையை வேஷ்டியில் துடைத்துக்கொண்டார்.

கேட் திறக்கிற ஓசை கேட்டது. மீரா ஓட்டமும் நடையுமாக வந்தாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். வாசகசாலையில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்களாம். சுப்ரியா தன் பங்கைத் தானே சொல்வதாக ஏற்றுக்கொண்டாளாம். கடைசியில் முக்கியமான சங்கதி. வருகிற வழியில் ராஜையன் மாமா ஃபோன் பண்ணினாராம், ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வருகிறாராம்.

"உன்னையும் கேட்டார்மா. வீட்டுல எல்லாரும் சுகமான்னு கேட்டார். சுகம்னு சொன்னேன்."

ராஜஸ்ரீ எழுந்து உள்ளே போய்விடலாமா என்று பார்த்தாள். போகவில்லை. தகப்பன் முகத்தை மகள் பார்க்கப்போகும் அந்த நிமிஷத்தில் யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். அது யார் பக்கத்தில் என்பதுதான் அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

"மீரா" என்றார் ஹரிநாராயணன். தன் எதிரில் இருந்த நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டார். "இங்க வந்து ஒக்காரு. உன்கிட்ட ஒரு வர்த்தமானம் சொல்லணும்."

அவள் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.